கீழே மணல், மேலே தணல்

மண்டபம் அகதி முகாமில் பிறந்து வளர்ந்த எனக்கு இலங்கை என்பது அம்மாவும் அப்பாவும் இரவில் பேசிக்கொண்ட ஊர். அவர்கள் 1990-இல் படகேறியவர்கள். போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்துக் குடும்பமாகத் திரும்பியபோது அவர்கள் ஊருக்கு வந்தார்கள். நான் வெளிநாட்டுக்கு வந்தேன். பிறப்புப் பதிவு, குடியுரிமைச் சான்றிதழ் என்று அலைந்த கதை திரும்பிய எல்லோருக்கும் உண்டு, அதை விடுவோம். உயர்தரப் பரீட்சை எழுதிக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்துக்குத் தெரிவானேன். மூதூர்ப் பக்கமிருந்து தினமும் வந்துபோவது ஆகாத காரியம் என்பதால் கோணேசபுரியில் அறை எடுத்துத் தங்கினேன். இந்த நாட்டில் என் கையால் சமைத்துச் சாப்பிடத் தொடங்கியது அங்கேதான். அவன் அடுப்பு இல்லாமலே கேக் சுடக் கற்றதும் அங்கேதான்.

மாலைத் தேநீர் என்றால் வடை, பஜ்ஜி என்று பழகியவள் நான். இங்கே பேக்கரிக் கண்ணாடிப் பெட்டியின் முன்தான் கூட்டம். பாண் என்னும் ரொட்டி, மீன் அடைத்த மாலு பணிஸ், சீனி தூவிய கிம்புலா பணிஸ். போதாததற்கு, பீத்தோவனின் மெட்டை ஒலிக்கவிட்டபடி முச்சக்கரவண்டியில் சூன் பாண் தெருத்தெருவாக வருகிறது. கோதுமை விளையாத நாடு இப்படிக் கோதுமையைத் தின்கிறதே என்று முதலில் வியப்பாக இருந்தது. பிறகுதான் சீனன்குடாவில் பிரிமா மா ஆலையைப் பார்த்தேன். வெளிநாட்டுக் கோதுமை கப்பலில் வந்து திருகோணமலைத் துறைமுகத்தில் இறங்கி, இங்கேயே அரைபட்டு, நாடெங்கும் மூட்டையாகப் போகிறது. ஆலை பக்கத்தில் இருப்பதால் நமக்கு மா மலிவு என்று நினைக்க வேண்டாம். டொலர் ஏறினால் திருகோணமலைக்காரருக்கும் மா விலை ஏறும். 2022-இல் அதை எல்லோரும் வயிற்றால் அறிந்தோம்.

அறையில் நாங்கள் நால்வர். ஒருத்தி கிண்ணியா, ஒருத்தி ஹட்டன், ஒருத்தி பருத்தித்துறை. யாருடைய பிறந்தநாள் வந்தாலும் கடைக் கேக் வாங்கிப் பணத்தைப் பங்கு போடுவது வழக்கமாக இருந்தது. நெடுங்காலம் மாதம் 5,000 ரூபாயிலேயே நின்ற மகாபொல மாணவர் உதவித்தொகையில் ஐசிங் பூவுக்குப் பங்கு கொடுப்பது எனக்கு மனதுக்கு ஒப்பவில்லை. வீட்டில் பட்டர் கேக் செய்யலாம் என்றால் அதன் கணக்கும் இலேசானதல்ல. மா, சீனி, மாஜரீன் மூன்றும் 250 கிராம் வீதம், அதோடு 5 முட்டை. முட்டை விலை ஒரு வாரம் இருப்பது மறுவாரம் இருப்பதில்லை. ஆகவே மாணவர் கேக்கில் முதலில் நீக்க வேண்டியது முட்டை, அடுத்தது மாஜரீன். இரண்டும் இல்லாமல் கேக்கா என்று பருத்தித்துறைக்காரி முகம் சுளித்தாள். சுளித்த முகத்தோடுதான் இரண்டாவது துண்டையும் எடுத்தாள்.

முட்டை செய்யும் வேலையில் பாதியை இந்த மாவட்டத்தின் எருமைத் தயிர் செய்துவிடும். தம்பலகாமம், கிண்ணியாப் பக்கத்துச் சட்டித் தயிர் இரண்டு நாள் போனால் நன்றாகப் புளிக்கும். அந்தப் புளிப்பு அப்பச்சோடாவோடு சேர்ந்தால் வாயு கிளம்பும், மா பொங்கும். மீதி வேலைக்குக் கனிந்த வாழைப்பழம். தோல் கறுத்த பழத்தை மத்திய வீதிச் சந்தையில் மாலை வேளையில் அடிவிலைக்குத் தருவார்கள். வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்தில் நிற்கும்போது மட்டும் கவனம் தேவை. அங்கே திரியும் புள்ளிமான்களுக்கு வாழைப்பழப் பை எது, புத்தகப் பை எது என்று நன்றாகத் தெரியும்.

செய்முறை இவ்வளவுதான். மூன்று பழத்தை முக்கால் கப் சீனியோடு கையால் பிசைந்து, அரைக் கப் தயிரும் அரைக் கப் எண்ணெயும் ஊற்றிக் கலக்க வேண்டும். வேறொரு பாத்திரத்தில் இரண்டு கப் மா, தலைதட்டிய ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் கறுவாத்தூள். இரண்டையும் சேர்த்து, மா வெள்ளையாகத் தெரியாத அளவுக்கு மட்டும் கிளறி நிறுத்திவிட வேண்டும். மேலும் அடித்தால் மாவின் பசை இறுகிக் கேக் இழுபடும். தயிரும் சோடாவும் சந்தித்த பிறகு தொலைபேசியை எடுக்கக் கூடாது. கிளம்பிய வாயு நமக்காகக் காத்திராது, உடனே அடுப்பேற்ற வேண்டும். தேங்காயெண்ணெய் ஊற்றலாமா என்று கேட்பார்கள். தாராளமாக ஊற்றலாம். அதன் வாசம் வாழைப்பழத்தோடு ஒத்துப்போகும்.

அவன் அடுப்பு இல்லையே என்பதுதான் எல்லா மாணவர்களின் முறைப்பாடு. எங்களுக்கு வழிகாட்டியது வீட்டுக்கார ஆச்சி. "முந்தி நாங்கள் கேக் சுட்டது எந்த அவனில் பிள்ளை? கீழே நெருப்பு, மேலே நெருப்பு, அவ்வளவுதான்" என்று சொல்லித் தன் பழைய அலுமினியக் குண்டானைத் தூக்கிக் கொடுத்தார். அதன் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மணல். கடல் மணலானால் உப்புப் போக அலசி, வெயிலில் காயவைக்க வேண்டும். மணல் நடுவில் இருபுறமும் வெட்டிய மீன் டின் ஒன்று. அதன்மேல் எண்ணெய் தடவிக் கடதாசி விரித்த பால்மா டின். டின்னில் பாதிக்குமேல் கலவை நிரப்பினால் பொங்கி வழியும். கேக்கை வைக்கும் முன் வெறும் குண்டானை மூடிக் கால்மணி நேரம் காயவைப்பது கட்டாயம். பிறகு கேக்கை இறக்கி, தட்டையான மூடியைக் கவிழ்த்து, அதன்மேல் சிரட்டைத் தணலைப் பரப்ப வேண்டும். அடியில் நடுத்தர நெருப்புக்கும் குறைவாகப் போதும். முக்கால் மணி நேரத்தில் ஈர்க்குக் குத்திப் பார்த்தால் சுத்தமாக வரும். மேல் தணல் இல்லாவிட்டாலும் கேக் வேகும், ஆனால் மேற்புறம் வெளிறிப்போய் இருக்கும். அந்தப் பொன்னிறம் சிரட்டை தருவது. சிரட்டைக்கு விலையில்லை.

விலை கேஸுக்குத்தான். இதைப் பெரும்பாலான குறிப்புகள் சொல்வதே இல்லை. ஒரு சிறு கேக்குக்காக மணலைச் சூடாக்குவது வீண் செலவு. சூடான குண்டானில் அடுத்தடுத்து இரண்டு டின் வைத்து எடுப்பதே கட்டுப்படியாகும். முடிந்தால் முற்றத்து விறகடுப்பு. இரண்டாவது கேக்கைப் பக்கத்து அறைக்காரிகளுக்குப் பொருள் விலைக்கே கொடுத்துவிடுவோம்.

வெளிநாட்டுக் குறிப்புகளைப் பார்த்துச் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்கட்டும் என்று எழுதியிருப்பார்கள். கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில் நிலாவெளி வீதியில் ஓர் அறைக்குள் வெண்ணெயை வைத்தால் அது எண்ணெயாகிவிடும். பாணுக்கு மா பிசைந்து 12 மணி நேரம் விடச் சொல்வதும் குளிர்நாட்டுக் கணக்குத்தான். இங்கே அப்படி விட்டால் விடியுமுன் புளித்துச் சரிந்துவிடும். 500 கிராம் மா, 300 மில்லிலீற்றர் நீர், ஒரு தேக்கரண்டி உப்பு, அதே அளவு சீனி, அரைத் தேக்கரண்டி ஈஸ்ட். இந்த அளவுக்குப் பகலில் மா இரட்டிக்கும்வரை விட்டால் போதும். உருண்டையாக உருட்டி இன்னும் கொஞ்சம் பொங்கவிட்டு, தடித்த தாச்சியில் மூடிபோட்டு, சிறு நெருப்பில் இருபுறமும் திருப்பிச் சுட்டால் பணிஸ் ஆகிவிடும். மணலும் வேண்டாம், தணலும் வேண்டாம். கிண்ணியாத் தோழி இதற்குள் முந்தைய நாள் மீன்குழம்பின் சதையை வற்றவைத்து அடைப்பாள். பரீட்சைக் காலத்து இரவுச் சாப்பாடு எங்களுக்கு அதுதான்.

வாடைக் காற்றோடு மழை தொடங்கினால் மாவில் வண்டு விழும், சிரட்டை நனையும். அப்போது மாவைக் கிலோக் கணக்கில் வாங்கி வைப்பதில்லை. ஆனால் டிசம்பர் வருகிறதே, ரிச் கேக் செய்தே ஆகவேண்டும் என்று ஹட்டன்காரி பிடிவாதமாக நிற்கிறாள். பிளம்ஸ், பேரீச்சம்பழம், இஞ்சிப்பாகு எல்லாம் ஒருவாறு சமாளிக்கலாம். ரவையும் சிரட்டையும் ஆச்சி தருவதாகச் சொல்லியிருக்கிறார். கஜு என்னும் முந்திரிப்பருப்பு விலைதான் கையைக் கடிக்கிறது. வறுத்த கச்சானை, அதாவது நிலக்கடலையை, ஒன்றிரண்டாக உடைத்துப் போடலாம் என்கிறேன் நான். அப்படிச் செய்தால் அதை ரிச் கேக் என்று சொல்லக் கூடாது என்கிறாள் அவள். மற்ற இருவரும் இன்னும் எந்தப் பக்கமும் சேரவில்லை.