பதினான்கில் ஒன்பது

ஜூன் 8, 2025, ஞாயிறு

இரண்டு வருடத்துக்கு முன்னால் டேலி கணக்கு சாஃப்ட்வேரில் ஒரு வவுச்சர் போடத் தெரியாமல் வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த பையனை, வெள்ளிக்கிழமை அக்கவுண்ட்ஸ் இன்சார்ஜ் ஆக்கிவிட்டார்கள். ஜிஎஸ்டி ரிட்டர்ன், இ-வே பில், ஜாப் ஒர்க்குக்குத் துணி போகும்போது போடுகிற டெலிவரி சலான் (டிசி), எல்லாம் நான் சொல்லிக் கொடுத்ததுதான். அவன்மேல் கோபமில்லை. ஸ்வீட் பாக்ஸை நீட்டும்போது அவனுக்கே என் முகத்தைப் பார்க்க முடியவில்லை, பாவம். "உனக்கு டிகிரி இல்லையேம்மா" என்றார் முதலாளி. பி.காம் முதல் வருடத்தில், அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது நின்றதுதான் என் படிப்பு. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை அன்றைக்கும் கேட்டால் கிடைத்தது, போய்விட்டேன். இப்போது வயது 33. ஆன்லைனில் டிகிரி படிக்கலாமா என்று இரண்டு நாளாக மண்டைக்குள் ஓடுகிறது.

ஜூன் 11, புதன்

ஒரே ஒரு விளம்பரத்தில் நம்பரைத் தட்டிவிட்டேன், அதிலிருந்து போன் ஓயவில்லை. ஒருத்தர் "இன்றைக்கே கட்டினால் கட்டணத்தில் தள்ளுபடி மேடம்" என்கிறார், என்னமோ ஆடிக் கழிவு மாதிரி. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகாரம் உண்டா என்று கேட்டதற்கு "அதெல்லாம் இருக்கு மேடம்". ராத்திரி யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு, அதாவது டெப், போட்டிருக்கும் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறது, ஆனால் அவர் எனக்கு விற்கப் பார்த்த பாடத்தின் பெயர் அதில் இல்லை. அனுமதி கொடுப்பது ஒவ்வொரு பாடத்துக்கும், ஒவ்வொரு பருவத்துக்கும் தனித்தனியாக என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. பெயரை மட்டும் பார்த்து எத்தனை பேர் பணத்தைக் கட்டியிருப்பார்களோ.

ஜூன் 12, வியாழன்

அவர் (என் வீட்டுக்காரர், கட்டிங் மாஸ்டர்) கேட்ட முதல் கேள்வி, "இது செல்லுங்களா?" செல்லும். அங்கீகாரம் உள்ள இடத்தில் தொலைநிலையில் படித்தாலும் ஆன்லைனில் படித்தாலும், கல்லூரிக்குப் போய் வாங்கும் டிகிரிக்குச் சமம் என்று 2022 செப்டம்பரிலேயே யுஜிசி தெளிவாக அறிவித்திருக்கிறது. இன்ஜினியரிங், மருத்துவம், சட்டம் மாதிரியானவற்றை மட்டும் இப்படிப் படிக்க முடியாது. பத்தாவது, பன்னிரண்டாவது முடிக்காமல் நேரடியாக வாங்கும் டிகிரி தமிழ்நாட்டு அரசு வேலைக்குச் செல்லாது, ஆனால் நான் +2 முடித்தவள், அந்தப் பிரச்சினை இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

எனக்கு வேறு பிரச்சினை, இனிஷியல். ஆன்லைனில் சேர்வதற்கு இப்போது டெப் ஐடி வேண்டும், அதற்கு ஏபிசி ஐடி (படிப்பில் வாங்கும் கிரெடிட்டைச் சேர்த்து வைக்கும் கணக்கு எண்) வேண்டும், அதற்கு ஆதார். ஆதாரில் கல்யாணத்துக்கு அப்புறம் அவர் இனிஷியல், மதிப்பெண் பட்டியலில் அப்பா இனிஷியல். ஒரே ஆள் இரண்டு பேராக இருக்கிறேன். திருத்தத்துக்கு 50 ரூபாய் கட்டி எழுதிக் கொடுத்தாயிற்று.

அது வருவதற்குள் ஒரு சோதனை. காசு கட்டுவதற்கு முன்னால் 14 ராத்திரி, 9 மணியிலிருந்து 10:30 வரை உட்கார முடிகிறதா என்று பார்க்கப் போகிறேன். பத்து நாள் உட்கார்ந்தால் சேருவது, இல்லையென்றால் இந்தப் பேச்சை விட்டுவிடுவது. பாடம் இலவசமாகவே கிடைக்கிறது. பி.காம் கணக்கியலுக்கு வீடியோ கொட்டிக் கிடக்கிறது. ஐஐடி மெட்ராஸ் 2020இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பின் வீடியோக்களும் யூடியூபில் சும்மாவே இருக்கின்றன. அதற்கு ஜேஇஇ நுழைவுத் தேர்வு வேண்டாம், வயது வரம்பும் இல்லை. வேடிக்கை பார்ப்போமே என்று அதையும் சேர்த்துக்கொண்டேன்.

ஜூன் 19, வியாழன்

நாலு நாளில் மூன்று. கணக்கியல் வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டேன், போன் மாவுப் பாத்திரத்தில் விழுந்தது. பகலெல்லாம் பார்க்கிற டெபிட், கிரெடிட்டை ராத்திரியும் யார் பார்ப்பது?

ஜூன் 22, ஞாயிறு

ரூட் இரண்டை ஏன் பின்னமாக எழுத முடியாது என்று ஒரு கணக்கு வீடியோ. ஆங்கிலத்தில்தான், நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இனிமேல் சுருக்கவே முடியாத ஒரு பின்னம் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறார்கள். வர்க்கப்படுத்தினால் மேலே உள்ள எண் இரட்டைப்படை. அப்படியே இன்னும் இரண்டு வரி போனால் கீழே உள்ளதும் இரட்டைப்படை. இரண்டும் இரட்டைப்படை என்றால் இன்னொரு தடவை சுருக்கலாமே, சுருக்க முடியாது என்றுதானே ஆரம்பித்தோம்? பழைய டிசி தாளின் பின்பக்கத்தில் மூன்று தடவை எழுதிப் பார்த்தேன், மூன்றாவது தடவை புரிந்துவிட்டது, மணி 11:20. பக்கத்தில் எழுப்பிச் சொல்ல யாருமில்லை. ஆறாவது படிக்கிற பையன் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான்.

ஜூன் 30, திங்கள்

பதினான்கில் ஒன்பது. ஷிப்மெண்ட் இரண்டு நாள், பையனுக்குக் காய்ச்சல் இரண்டு நாள், ஒரு நாள் சும்மா சோம்பல். பத்து ஆகவில்லை. அதைவிடத் தொந்தரவு, அந்த ஒன்பதில் கணக்கியல் இரண்டே நாள், மீதி ஏழும் கணக்கு. ஆபீஸில் கேட்பது பி.காம், நான் உட்கார்ந்தது வேறு ஒன்றுக்கு. நான் சொல்லிக் கொடுத்த அந்த ஆபீஸ் பையனின் பிரமோஷன் ஒரு வாரமாக ஞாபகத்துக்கே வரவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன்.

"ஒன்பதுன்னா பெயிலுங்களா?" என்று அவர் கேட்டார். போட்ட விதி என்னுடையது, என்ன சொல்ல.

ஜூலை 3, வியாழன்

ஐஐடிக்கே விண்ணப்பிக்கிறேன். நான்கு வாரம் வீடியோவும் அசைன்மெண்டும், அப்புறம் நேரில் போய் ஒரு தேர்வு, அதில் தேறினால்தான் சேர்க்கை. தேறாவிட்டால் அதோடு தெரிந்துவிடும், வருடக்கணக்கில் இழுக்க வேண்டியதில்லை. நாலு வருடமும் முடிக்க முடியாவிட்டால் நடுவில் டிப்ளமோவோடு நிறுத்திக்கொள்ளலாம், மூன்று வருட பி.எஸ்சி.யோடும் நிறுத்தலாம். சம்பளம் ஏறுமா? முதலாளிக்கு டேட்டா சயின்ஸ் என்றால் என்னவென்றே சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கும்.

பரணிலிருந்து பெட்டியை அவர் இறக்கிக் கொடுத்தார். பத்தாவது மதிப்பெண் பட்டியலில் கணக்கு 83, ஆங்கிலம் 61. மடிப்பில் கிழிந்திருக்கிறது.

அத்தைக்குச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பரிட்சை என்னைக்கு?" என்றார். ஞாயிற்றுக்கிழமை அத்தை.

"அன்னைக்குக் கறி யாரு எடுக்கறது?"

அவர் டிவியிலிருந்து தலையைத் திருப்பாமல், "நான் போறேன்" என்றார்.