கடுகின் தண்ணீர்க் கணக்கு

மே 6, 2025, செவ்வாய்

அக்னி நட்சத்திரம் தொடங்கி மூன்றாம் நாள். விடியற்காலை கூடத்தில் கால் வைத்ததும் வழுக்கியது. எங்கள் நாய் கடுகு மறுபடியும் தரையை நனைத்திருக்கிறாள். ஒன்பது வயதில் ஒருநாளும் செய்யாததை இந்த வாரத்தில் இரண்டாவது முறையாகச் செய்கிறாள். துடைக்கக் குனிந்தபோதுதான் கவனித்தேன்: நிறமும் இல்லை, வாடையும் இல்லை. குழாய்த் தண்ணீர் கொட்டியது போல இருந்தது.

"வெயிலுக்கு நிறையக் குடிக்கிறாள், அவ்வளவுதான்" என்றாள் மனைவி. பக்கத்து வீட்டு அம்மாள் மதிலுக்கு மேலாக ஒரு யோசனை சொன்னார்: இரவு எட்டு மணிக்கு மேல் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைத்துவிடுங்கள். நியாயமாகத்தான் பட்டது. எடுத்து வைத்தேன். பதினொரு மணிக்குக் குளியலறையில் சளப் சளப் என்று சத்தம். ஈரத் தரையை நக்கிக்கொண்டிருந்தாள். கிண்ணத்தைத் திரும்ப வைத்ததும் மூச்சு விடாமல் குடித்தாள். நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்று அவளுக்குச் சொல்லத் தெரியாது.

மே 8, வியாழன்

லாட்ஜில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போதும் அதே நினைவு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருகிறவர்கள் தங்கும் லாட்ஜ் எங்களுடையது. கொல்கத்தா, அகர்தலா, டாக்கா என்று எங்கிருந்தோ ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி வருகிறார்கள். சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் ஏறும் கழிவின் பெயர் கிரியாட்டினின். இங்கே அது போர்வை, சாவி, வெந்நீர் போல ஒரு வரவேற்பறைச் சொல். "உங்களுக்கு எவ்வளவு?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். இந்தியாவில் முதன்முதலாகச் சிறுநீரக மாற்று அறுவை வெற்றிகரமாக நடந்தது 1971-இல் இந்த ஊரில்தான். பதினெட்டு வருடமாக இந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பவன் வீட்டில் ஒரு நாய் இப்படிக் குடிக்கிறது, எனக்கு இரண்டு வாரமாக உறைக்கவில்லை.

மகள் பெங்களூரிலிருந்து தொலைபேசியில் ஒரே கேள்விதான் கேட்டாள்: "அளந்தீர்களா அப்பா?"

மே 9, வெள்ளி

அளந்தேன். மளிகைக் கடைத் தராசில் கடுகு 6 கிலோ 200 கிராம். போன தீபாவளிக்கு ஏழு கிலோ இருந்தாள். கடைக்காரர் "துவரம்பருப்பு விலையில் போட்டுவிடட்டுமா?" என்றார். சிரிக்க முடியவில்லை.

தண்ணீரை அளப்பது நினைத்த அளவுக்கு எளிதில்லை. ஒரு லிட்டர் பாட்டிலில் அளந்து ஊற்றி, மறுநாள் மீதியை அளந்து கழித்தால் போதும் என்று நினைத்தேன். ஆனால் வேலூர் வெயில் கிண்ணத்தில் ஒரு பங்கைத் தானே குடித்துவிடும். அதனால் அதே அளவில் இன்னொரு எவர்சில்வர் கிண்ணத்தை அவளுக்கு எட்டாமல் பின்கட்டுச் சுவர்மேல் வைத்தேன். அதில் குறைந்ததை இதிலும் கழிக்கவேண்டும் என்பது கணக்கு. மத்தியானம் பார்த்தால் சுவர்க் கிண்ணத்தில் ஒரு காகம் நிதானமாகத் தலையை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தது. கிண்ணத்தின்மேல் சல்லடையைக் கவிழ்த்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

மே 10, சனி

24 மணி நேரத்தில் 810 மில்லி. ஆவியானது 35. ஆக 775.

சாயங்காலம் மருத்துவரிடம் கொண்டுபோனேன். இளம் பெண், பொறுமைசாலி. என் கணக்குத்தாளைப் பார்த்துவிட்டு, நாய் ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் குடித்தால் வெயிலின்மேல் பழி போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது என்றார். கடுகுக்கு அந்த எல்லை 620. அதோடு, தண்ணீரை மட்டும் ஒருபோதும் நிறுத்தாதீர்கள், சிறுநீரகம் நீரைப் பிடித்து வைக்க முடியாததால்தான் அவள் குடிக்கிறாள், நிறுத்தினால் உடல் வற்றிவிடும் என்றார். பதினொரு மணிச் சத்தம் காதில் கேட்டது. தலையாட்டினேன்.

பிறகு கேள்விகள். திராட்சை, உலர்திராட்சை சாப்பிட்டாளா? இல்லை. புளி? ரசம் சாதம் உண்டு என்றேன். திராட்சையிலும் புளியிலும் இருக்கும் டார்டாரிக் அமிலம்தான் நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று இப்போது சந்தேகிக்கிறார்கள், அதை நிறுத்துங்கள் என்றார். எலி நடமாட்டம்? உண்ணி? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

"மனிதர்களுக்கான வலி மாத்திரை ஏதாவது கொடுத்தீர்களா சார்?"

"இல்லை டாக்டர்."

இரத்தம் எடுக்க முன்காலில் ஒரு ரூபாய் அளவுக்கு மயிரை மழித்தார்கள். கடுகு ஊசியைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே 11, ஞாயிறு

காலையின் முதல் சிறுநீர் வேண்டும் என்றிருக்கிறார். ஆண் நாய் என்றால் காலைத் தூக்கும்போது பிடித்துவிடலாம். பெண் நாய், அதுவும் தரையோடு தரையாக உட்காரும் இந்தக் குள்ளச்சியிடம் எப்படிப் பிடிப்பது? குழிக்கரண்டியை நீட்டினேன், பாதியில் எழுந்து ஓடிவிட்டாள். ஊறுகாய் டப்பா மூடியைக் கழுவிக் காயவைத்து இரண்டாம் சுற்றுக்குப் போனேன். சத்துவாச்சாரித் தெருவில் ஐந்தரை மணிக்கு ஒரு கிழவன் நாயின் பின்னால் மூடியோடு தவழ்வதைப் பால்காரர் வண்டியை நிறுத்திப் பார்த்தார். இரண்டு கரண்டி அளவு கிடைத்தது. குழிக்கரண்டி இனிச் சமையலறைக்குள் வரக்கூடாது என்று தீர்ப்பாகிவிட்டது.

மே 13, செவ்வாய்

கிரியாட்டினின் 1.9. சிறுநீரின் அடர்த்தி எண் 1.014. நல்ல சிறுநீரகமுள்ள நாய் நீரைச் சுண்டவைத்து 1.030-க்கு மேல் கொண்டுபோகும் என்றார். புரதமும் சிறிது போகிறது. இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைவு. உண்ணிக் காய்ச்சல் பரிசோதனையிலும் ஒரு கோடு விழுந்திருக்கிறது.

கிரியாட்டினின் 1.4-லிருந்து 2.8 வரை சிறுநீரக நோயின் இரண்டாம் நிலை, ஆனால் ஒரு தடவை பார்த்து நிலை சொல்ல மாட்டேன் என்றார். கடுகு இளைத்திருக்கிறாள். தசை குறைந்த நாய்க்கு இந்த எண் உள்ளதைவிடக் குறைத்தே காட்டும். உண்ணிக் காய்ச்சலும் சிறுநீரகத்தைத் தாக்கிப் புரதத்தைக் கசியவிடும். அது காரணமாக இருந்தால் மருந்துக்குப் பிறகு கொஞ்சம் திரும்பிவரலாம். வராமலும் போகலாம். சுமார் முக்கால் பங்கு வேலை போன பிறகுதான் கிரியாட்டினின் ஏறத் தொடங்கும் என்றும் சொன்னார். அந்த வாக்கியம் வீடு வரை கூடவே வந்தது. உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்சிசைக்கிளின் மாத்திரை 28 நாள், நாலைந்து வாரம் கழித்து மறுபடி இரத்தம்.

உடலில் நீர் குறைந்திருந்ததால் தோலுக்கடியில் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புநீரை ஏற்றினார்கள். 120 மில்லி. தோள்களுக்கு நடுவே ஒட்டகத் திமில் போல எழும்பியது. தொட்டால் தண்ணீர்ப் பை போலத் தளதளத்தது. சாயங்காலம் திமில் சரிந்து இடது முன்காலுக்கு மேலே இறங்கியிருந்தது. ஒரு பக்கம் பயில்வான் போல நடந்தாள். இரவுக்குள் வற்றிவிட்டது.

மே 14, புதன்

தூக்கம் இல்லை.

ஏப்ரலில் மாடிப்படியில் தாவி விழுந்து நொண்டினாள். ஞாயிற்றுக்கிழமை. என் மூட்டு வலிக்கு வாங்கிய டைக்ளோஃபினாக் வீட்டில் இருந்தது. கால் பங்கு உடைத்துத் தயிர்ச் சாதத்தில் வைத்தேன். மறுநாள் நொண்டல் குறைந்தது. நான் பெரிய வைத்தியன் ஆகிவிட்டேன். மொத்தம் மூன்று நாள் கொடுத்தேன். மூன்றாம் நாள் வாந்தி எடுத்தாள். வெயில் என்று நினைத்தேன்.

இந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் வெயில்தான் காரணம்.

மே 15, வியாழன்

லாட்ஜுக்குப் போகும் வழியில் மருத்துவரிடம் இறங்கினேன். நாய் இல்லாமல் தனியாக நின்றவனைப் பார்த்து ஏதோ ஆகிவிட்டதென்று பதறிவிட்டார். சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், பேனாவை எடுத்து, "எந்தத் தேதி? எத்தனை மில்லிகிராம்?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். அந்த மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும், உடலில் நீர் குறைந்த நேரத்தில் அடி பலமாக விழும், நாய்களுக்கு அது ஆகவே ஆகாது என்றார். இந்தப் பாதிப்பு அதனாலா, உண்ணியாலா, வயதாலா என்று பிரித்துச் சொல்ல முடியாதாம்.

"முதல் நாளே சொல்லியிருக்கலாம் சார்" என்றார் கடைசியில். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

மனைவியிடம் இரவு சொன்னேன். ஒன்றும் பேசாமல் என் மாத்திரை டப்பாவை எடுத்துப் பூஜை அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டாள். எனக்கே நாற்காலி போட்டு ஏறினால்தான் எட்டுகிறது, இந்த மூட்டை வைத்துக்கொண்டு.

மே 25, ஞாயிறு

சாப்பாடு பழகிவிட்டது. குழைந்த சோறு, வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு, சுரைக்காய், கொஞ்சம் கோழி. உப்பு இல்லை. எலும்பு, ஈரல், கருவாடு கிடையாது, பாஸ்பரஸ் அதிகம். மஞ்சள்கருவிலும் அதுதான், ஆகவே அது என் தட்டுக்கு வருகிறது. என் கொழுப்பைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

டாக்சிசைக்கிளின் மாத்திரையை வெறுமனே விழுங்கவைத்தால் தொண்டைக் குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும் என்பதால் சோற்று உருண்டைக்குள் வைத்துக் கொடுத்து, பின்னாலேயே தண்ணீர் காட்டுகிறோம். சோற்றைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் சுத்தமாகத் துப்பும் கலையை அவள் யாரிடம் கற்றாளோ.

லாட்ஜில் மூன்றாம் மாடியில் அகர்தலாவிலிருந்து வந்த ஓர் அம்மா இருக்கிறார், கணவருக்கு டயாலிசிஸ். என் மேசையில் கடுகின் தாளைப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து தினமும் சாவி வாங்கும்போது "கொதோ?" என்கிறார். எவ்வளவு என்று அர்த்தம். நான் நேற்றைய மில்லியைச் சொல்வேன். "பாலோ", நல்லது, என்றுவிட்டுப் படியேறுவார். அவர் கணவரின் எண்ணை நான் கேட்டதில்லை.

ஜூன் 7, சனி

பக்ரீத். எதிர்வீட்டு பாய் வழக்கம்போலப் பிரியாணியோடு கடுகுக்கென்று தனியாக எலும்பும் அனுப்பியிருந்தார். ஒன்பது வருட வழக்கம். நேரில் போய் விவரம் சொன்னேன். அவருடைய அம்மா கேட்டுவிட்டு உள்ளே போய் இரண்டு முட்டை கொண்டுவந்து கையில் வைத்தார். கடுகு கேட் அருகே மூக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் போய்ப் படுத்துக்கொண்டாள்.

நேற்றுக் குடித்தது 590.

ஜூன் 14, சனி

கிரியாட்டினின் 1.6. அடர்த்தி எண் 1.018. தட்டணுக்கள் ஏறிவிட்டன. எடை 6 கிலோ 400.

"நல்லதா டாக்டர்?" என்றேன். மோசமாகவில்லை என்றார். சிறுநீரகத்தில் இழந்தது முளைக்காது, மிச்சத்தைக் காப்பாற்றுவதுதான் வேலை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை என்றார். ஏதாவது மாறினால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கடிதம் எழுதித் தருவாராம். மனிதர்கள் சிறுநீரகத்துக்காக வேலூருக்கு வருகிறார்கள், நாங்கள் நாயைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போகவேண்டியிருக்கும்.

வழியில் லாட்ஜில் இறங்கி அகர்தலா அம்மாவிடம் 1.6 என்று சொல்ல நினைத்தேன். மூன்றாம் மாடி அறையைக் காலையிலேயே காலி செய்துவிட்டார்களாம். பேரேட்டில் முழுப் பணமும் கட்டியதாகக் கையெழுத்து இருந்தது. ஊருக்குத் திரும்பினார்களா, வேறு எங்காவது இடம் மாறினார்களா என்று பையனுக்குத் தெரியவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

இரவு நல்ல மழை. கூடத்துத் தரை காய்ந்தே இருந்தது. கடுகின் கிண்ணத்தில் குறைந்தது 570. பின்கட்டுச் சுவர்க் கிண்ணம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. இன்றைக்குக் கழிக்க ஒன்றும் இல்லை.