நின்னுக்கிட்டே பேசட்டுமா, சார்?

என்னோடு வேலை பார்த்த ஒருவர் கேட்டது அவ்வளவுதான். "சார், இன்னைக்கு மட்டும் நான் நின்னுக்கிட்டே பேசட்டுமா? இடுப்பு பிடிச்சிருக்கு." ஒன்றரை மணி நேர மீட்டிங். நான் சொன்னேன்: "எதுக்கு இந்த அவஸ்தை? வீட்டுக்குப் போய் நல்லாப் படுத்து ரெஸ்ட் எடுங்க. முழுசாச் சரியானப்புறம் வாங்க." அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "வேலையை நாங்க பார்த்துக்குறோம்" என்று முடித்துவிட்டேன்.

அக்கறையில் சொன்னதுதான். அன்று காலையிலிருந்தே கவனித்துக்கொண்டிருந்தேன். நாற்காலியின் இரண்டு கைகளையும் அழுத்திப் பாதி எழுவார், நிமிர முடியாமல் அப்படியே நிற்பார், அப்புறம் தொடையில் ஒரு கையை ஊன்றி மெல்ல நிமிர்வார். நாலு அடி நடந்ததும் முகம் கொஞ்சம் தெளியும். திரும்ப வந்து உட்கார்ந்தால் பழைய கதை. அந்த நாலு அடி என் கண்ணில் பட்டது, புத்தியில் படவில்லை.

முதல் வாரம் முழுக்க, நான் சொன்னபடியே படுத்திருந்தாராம். வலி குறையவில்லை என்று ஸ்கேன் எடுத்தார். கீழ்முதுகில் எல்4, எல்5 என்ற இரண்டு எலும்புகளுக்கு நடுவே ஜவ்வு பிதுங்கியிருப்பதாக ரிப்போர்ட் வந்தது. மூன்று வாரம் கழித்து வந்தவர் குனியப் பயந்தார், படியேறப் பயந்தார், கீழே விழுந்த பேனாவை எடுக்க அடுத்தவரைக் கூப்பிட்டார். சில மாதங்களில் வேலையை விட்டுவிட்டார். முதுகுதான் காரணம் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் எனக்கே இடுப்பு பிடித்தது. பிசியோதெரபிஸ்ட் முதலில் கேட்டவை: கால் பலவீனமாக இருக்கிறதா, உட்காரும் இடத்தில் மரத்துப்போகிறதா, சிறுநீர் போவதில் சிரமமா? எதுவும் இல்லை என்றதும், "அப்போ படுக்காதீங்க, நடங்க. ஒரே இருப்பா உட்காராதீங்க" என்றார். அந்த நாலு அடி அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அதன்பின் தேடித் தேடிப் படித்தேன். 1986-இலேயே அமெரிக்காவில் சோதித்திருக்கிறார்கள்: இரண்டு நாள் மட்டும் படுக்கச் சொல்லப்பட்டவர்கள், ஏழு நாள் படுக்கச் சொல்லப்பட்டவர்களைவிட 45 சதவீதம் குறைவான நாட்களே வேலைக்கு வராமல் இருந்தார்கள். 1995-இல் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்களிடம் நடந்த ஆய்வில், வலி தாங்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளைச் செய்துகொண்டிருந்தவர்களே படுத்திருந்தவர்களைவிடச் சீக்கிரம் தேறினார்கள். ஸ்கேன் விஷயம் இன்னும் உறுத்தியது. முதுகுவலியே இல்லாத 98 பேரை 1994-இல் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்ததில் 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஓரிடத்திலாவது ஜவ்வு பிதுங்கியிருந்தது. அவர் எதைப் பார்த்துப் பயந்தாரோ, அது பாதிப் பேரிடம் சத்தமில்லாமல் இருக்கிறது.

நான் டாக்டர் இல்லை. படுக்கச் சொல்வதுதான் எல்லாரும் சொல்வது. அவர் நடமாடியிருந்தால் தேறியிருப்பார் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அவர் என்னிடம் மருத்துவம் கேட்கவில்லையே. நிற்கட்டுமா என்று கேட்டார். தன் உடம்புக்கு எது இதம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஏன் மறுத்தேன்? ஒருவர் எழுந்து நின்றால் மற்றவர்களும் நெளிவார்கள், மீட்டிங் நீளமாகப் போகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று நினைத்தேனோ? அன்று அப்படி யோசித்ததாக ஞாபகம் இல்லை. அக்கறைதான் இருந்தது. அக்கறை மட்டும்தான் இருந்ததா என்றால் பதில் வரமாட்டேன் என்கிறது.

இப்போது மீட்டிங்கில் நான் நிற்கிறேன். யார் வேண்டுமானாலும் நிற்கலாம் என்றும் சொல்லிவிட்டேன். போன வாரம் ஒருவர் முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்து நெளிந்துகொண்டிருந்தார். "எழுந்து நில்லுங்களேன்" என்றேன். "பரவாயில்ல சார்" என்று கையை எடுத்துவிட்டு நேராக உட்கார்ந்துகொண்டார். மீட்டிங் முடிய இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. நான் தொடர்ந்து பேசினேன்.