வெள்ளை வடுவுக்குள் கருப்பு

பிப்ரவரி 3
எல்.ஏ.டி. (இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாய்) அடைபட்ட முன்சுவர் மாரடைப்பு. ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது, ரத்தமும் ஓடுகிறது. இடது கீழறை விரிந்துபோகுமா என்பதுதான் இனிக் கேள்வி. முதல் எக்கோவின் (ஒலியலைப் படம்) இ.எஃப்.பை, அதாவது ஒரு துடிப்பில் கீழறை வெளியேற்றும் ரத்தத்தின் சதவீதத்தை, வைத்து முடிவு கட்டக் கூடாது; மரத்துப்போன தசை சில வாரங்களில் தேறக்கூடும். எக்கோவின் புரோபை (தோலில் வைக்கும் கருவியை) இதய நுனிக்கு நேராக வைக்காவிட்டால் அறை குட்டையாகத் தெரியும், கொள்ளளவு குறைவாக வரும். அடுத்த முறை சரியாக எடுத்தால் அதுவே விரிவு போலத் தோன்றும்.

பிப்ரவரி 7
ஐந்தாம் நாள், எம்.ஆர்.ஐ. சிறுநீரகச் செயல்பாடு பார்த்தாயிற்று. 8 மி.மீ. ஸ்லைஸ், 2 மி.மீ. இடைவெளி, இடது கீழறையின் மேல்வாயிலான மைட்ரல் வால்விலிருந்து நுனிவரை சினி (துடிப்பைக் காட்டும் அசையும் படம்). ரத்தக்கசிவைக் காட்டும் டி2 ஸ்டார் படங்களைக் காடோலினியம் (எம்.ஆர்.ஐ.யில் ஒளிரும் மருந்து) ஏற்றுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். மருந்து கிலோவுக்கு 0.15 மில்லிமோல். ஏற்றிய 2 நிமிடத்தில் ஒரு தொகுதி, 10 நிமிடம் கழித்து வடுப் படங்கள்; மருந்து தங்கும் இறந்த தசை அவற்றில் வெள்ளையாகத் தெரியும். நல்ல தசை முழுக் கருப்பாக வரும்படி இன்வர்ஷன் டைமை (தொடக்கத் துடிப்பலைக்கும் படம் எடுப்பதற்கும் இடையே காத்திருக்கும் நேரத்தை) அமைக்க வேண்டும். மருந்து வடிய வடிய அந்த நேரம் நீளும். பழைய எண்ணிலேயே விட்டால் நல்ல தசை சாம்பலாகி வடுவின் எல்லை குழம்பும்.

பிப்ரவரி 8
வெள்ளை வடுவின் நடுவே கருந்திட்டு. நல்ல தசை என்று இதை விட்டுவிடுவது புதியவர்கள் செய்யும் பெரும் பிழை. பெரிய குழாய் திறந்தும் நுண்குழாய்கள் வீக்கத்தாலும் ரத்தத்தட்டுக் கட்டிகளாலும் அடைபட்டிருக்கின்றன. மருந்து உள்ளே போக வழியில்லை. வடுவின் அளவோடு சேர்த்தே வரைய வேண்டும், தனியாகவும் அளந்து எழுத வேண்டும். அங்கே டி2 ஸ்டார் 20 மில்லி விநாடிக்குக் கீழே வந்தால் தசைக்குள் ரத்தக்கசிவு. வடு ஒரே அளவாக இருந்தாலும் இந்த இரண்டும் உள்ள இதயமே விரிய வாய்ப்பு அதிகம். சில வாரம் தள்ளி எடுத்தால் கருந்திட்டு மறைந்துவிடும், எச்சரிக்கையும் கைநழுவும். மறுபக்கம், இன்றைய வடு வீக்கத்தால் பெரிதாகத் தெரிகிறது. மாதங்கள் போனால் சுருங்கும்.

ஆகஸ்ட் 6
ஆறாம் மாதம். விரிநிலைக் கொள்ளளவு (இடது கீழறை முழுதும் நிரம்பியபோது உள்ள அளவு) 20% கூடினால் உருமாற்றம், அதாவது அறை விரிந்துபோனது, என்பது பரவலான வரையறை: 150 மி.லி. 180 ஆக வேண்டும். ஆனால் வால்வை ஒட்டிய அடிப்பக்கம் ஒரே ஒரு ஸ்லைஸைச் சேர்ப்பதிலோ விடுவதிலோ கணக்கு ஆட்டம் காணும். 5 செ.மீ. விட்டம், ஸ்லைஸும் இடைவெளியும் சேர்ந்து 1 செ.மீ. கனம்: ஏறத்தாழ 20 மி.லி. 150இல் அது 13%! ஆகவே பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒருவரே அறையின் எல்லையை வரைய வேண்டும். அறைக்குள் வால்வைப் பிடித்திருக்கும் பாப்பில்லரி தசைகளை இரண்டிலும் ஒரே விதமாகச் சேர்க்கவோ விலக்கவோ வேண்டும். சுருங்குநிலைக் கொள்ளளவையும் (சுருங்கி முடித்தபின் அறையில் மிஞ்சும் அளவு) அறிக்கையில் விடக்கூடாது. மாரடைப்புக்குப் பின் பிழைப்பதை அதுவே அதிகம் தீர்மானிக்கிறது என்று 1987இல் நியூசிலாந்தின் ஹார்வி ஒயிட் குழு காட்டியிருக்கிறது.