எங்கள் மாருதி 800 காருக்குக் கூலண்ட் மாற்றிய வாரம்

2025 மார்ச் 2, ஞாயிறு

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ராத்திரி ஏறி வந்தோம். பர்லியார் தாண்டிக் குளிர ஆரம்பித்ததும் ஹீட்டரைப் போட்டால் சில்லென்றுதான் காற்று வருகிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் களக் களக்கென்று சத்தம் வேறு. சூடு காட்டும் முள் பாதிக்கு ஏறி, சட்டென்று இறங்கி, மறுபடி ஏறியது.

போன வாரம் பட்டறையில் ரேடியேட்டரின் மேல் ஹோஸை மாற்றி, குறைந்ததற்குத் தண்ணீர் ஊற்றி அனுப்பினார்கள். இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் வழியில் காற்று பிடித்திருக்கிறது. முள் இறங்குவதைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. சென்சாரைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தால்தான் அது சொல்வது சரி. அதைச் சுற்றிக் காற்று நின்றால், இன்ஜினின் மேல்பாகமான ஹெட் பழுக்கக் காய்ந்தாலும் முள் கீழேயே கிடக்கும். அலுமினிய ஹெட் கோணிவிட்டால் செலவு பெரிது. சரிசெய்யும் வரை வண்டியை எடுப்பதில்லை.

மார்ச் 8, சனி

கூலண்ட் கான்சன்ட்ரேட்டும் டிஸ்டில்ட் வாட்டரும் வாங்கியாச்சு. பாதிக்குப் பாதி. கிணற்றுத் தண்ணீரில் உள்ள உப்பு, ரேடியேட்டர் குழாய்களுக்குள் படிந்து அடைத்துவிடும்.

மலைமேல் இருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். ஃபேன் சுற்றத் தொடங்குகிற சூடும் ஏறத்தாழ அந்தப் பக்கம்தான். வெறும் தண்ணீர் ஊற்றி, மூடியைத் திறந்து வைத்துக் காற்றெடுத்தால், வருவது கொதிக்கிற குமிழியா காற்றுக் குமிழியா என்றே தெரியாது. கூலண்டில் உள்ள கிளைகால் கலந்தால் கொதிநிலை சில டிகிரி தள்ளிப்போகும். அந்த இடைவெளிதான் நமக்கு வேண்டியது.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் இன்ஜின் நன்றாக ஆறியிருந்தது. பக்கத்து வீட்டு அண்ணா இதே மலைப்பாதையில் பல வருஷம் லாரி ஓட்டியவர். வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "மூக்கை மேட்டுப் பக்கம் வச்சு நிறுத்துங்க தம்பி. காத்து மேலதான் போகப் பாக்கும். அது போய் நிக்கிற எடத்துல ரேடியேட்டர் வாய் இருக்கணும்." வாசல் சரிவில் அப்படியே நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கல் வைத்தேன்.

பழைய கூலண்டைக் கீழே இறக்கி, வாளியில் பிடித்து அளந்தேன். 3 லிட்டர். ஏற்கெனவே காற்று இருந்த வண்டி, அதனால் 3 லிட்டருக்கும் மேலே போனால்தான் கணக்கு நேராகும். இந்த அளவு கையில் இல்லாமல் காற்றெடுப்பது குருட்டு வேலை.

புனலில் மெதுவாக ஊற்றினேன். இரண்டேகால் லிட்டரிலேயே வாய்வரை நின்றுவிட்டது. பார்க்க நிறைந்த மாதிரிதான் இருக்கும். ஆனால் சூடேறினால் மட்டும் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட் மூடியிருக்கிறது, அந்தப் பக்கம் காற்றுக்கு வழியில்லை. மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டதில் சிறு குமிழிகள் வந்தன. இன்னும் கால் லிட்டர் போயிற்று.

ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடி திறந்தபடியே இன்ஜினை ஓடவிட்டோம். எங்கள் தெர்மோஸ்டாட்டில் 82 என்று பொறித்திருக்கிறது. அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் மெழுகு இளகி வால்வைத் தள்ளும். மேல் ஹோஸில் கை வைத்துக் காத்திருந்தேன். வெதுவெதுப்பாக இருந்தது திடீரென்று சுட்டது. அதே நேரம் வாயில் ஒரு பெரிய குமிழி உடைந்து, கூலண்ட் ளக்கென்று உள்ளே இறங்கியது. ஊற்றினேன். மறுபடி இறங்கியது. ஃபேன் சுற்றி நின்று, மறுபடி சுற்றும் வரை அண்ணா நகரவிடவில்லை. குமிழி அடங்கியபோது உள்ளே போயிருந்தது மூன்றரை லிட்டர். அரை லிட்டர் காற்றோடு நாங்கள் மலை ஏறியிருக்கிறோம்.

ஹீட்டர் முகத்தில் அனலடித்தது. மூடியைத் திருகிவிட்டு, ரிசர்வ் டேங்கை மேல் கோடு வரை நிரப்பினேன். அங்கே ரேடியேட்டரிலிருந்து வரும் டியூபின் முனை கூலண்டில் முங்கியிருக்க வேண்டும். இன்ஜின் ஆறும்போது ரேடியேட்டர் அந்த டியூப் வழியாகத்தான் திரும்ப உறிஞ்சும். முனை வெளியே நின்றால் உறிஞ்சுவது காற்றை.

மார்ச் 10, திங்கள்

காலையில் டேங்கில் இரண்டு விரல் அளவு குறைந்திருந்தது. ஒழுக்கு எங்கும் இல்லை. மிச்சம் இருந்த காற்று ராத்திரி வெளியேறி, அந்த இடத்துக்குக் கூலண்ட் போயிருக்கிறது. ஆறிய இன்ஜின் என்பதால் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தேன், விளிம்புவரை இருந்தது. டேங்கில் மட்டும் ஊற்றினேன்.

மார்ச் 15, சனி

ஊட்டி போய் வந்தோம். முள் ஒரே இடத்தில் நின்றது, சத்தம் இல்லை. டேங்க் அளவும் மாறவில்லை.

வாளியில் பிடித்த பழைய கூலண்டைக் கேனில் ஊற்றி இறுக மூடி, உயரத்தில் வைத்திருக்கிறேன். எத்திலீன் கிளைகால் இனிக்கும். தெரு நாய் நக்கினால் சிறுநீரகம் போய்விடும். சிந்திய இடத்தையும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவியாச்சு.

ரேடியேட்டர் மூடியின் ரப்பரில் வெடிப்பு இருக்கிறது. குக்கர் வெயிட் மாதிரி அழுத்தத்தைப் பிடித்து வைப்பது அந்த மூடிதான். அது சரியாக இருந்தால் இந்த உயரத்திலும் வெறும் தண்ணீர்கூட 115 டிகிரி வரை கொதிக்காது. பழையதில் உள்ள அதே 0.9 அழுத்த அளவில் திங்கட்கிழமை புதிதாக வாங்கணும்.