9000 மணித்தியாலங்கள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரொறன்ரோவில் மின்வேலை பழகும் என் அக்காவின் மகன் அழைத்து, "மாமா, ஒன்பதாயிரம் மணித்தியாலமும் முடிஞ்சுது, இனிச் சோதினைதான்" என்றான். யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் நான் வயரிங் வேலைக்குப் புறப்படும்போதெல்லாம் தானும் வரவேண்டும் என்று சைக்கிளின் முன் பாரில் ஏறி இருந்துகொள்ளும் பிள்ளை அவன். அந்தச் செய்தி தந்த மகிழ்ச்சியோடு வேறொரு நினைவும் எனக்கு வந்தது. இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக இந்தத் தொழிலைச் செய்துவரும் நான் எத்தனை மணித்தியாலம் வேலை பழகினேன் என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை. நானும் எழுதி வைக்கவில்லை.

ஒன்ராறியோவில் கட்டடங்களுக்கு மின்னிணைப்புச் செய்யும் தொழிலை 309ஏ என்ற இலக்கத்தால் குறிப்பிடுகிறார்கள். அதற்கான பயிலுநர் காலம் 9000 மணித்தியாலங்கள். அது 1800 மணித்தியாலங்கள் கொண்ட ஐந்து கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இதில் 840 மணித்தியாலங்கள் மூன்று தடவைகளில் வகுப்பறையில் கழிய, எஞ்சியவை முழுவதும் வேலைத்தளத்தில் கழிகின்றன. மருமகன் சேர்ந்தது ஐ.பி.ஈ.டபிள்யூ எனப்படும் மின்தொழிலாளர் சங்கத்தின் 353ஆவது கிளையூடாக. எழுத்துப் பரீட்சையும் நேர்முகமும் முடிந்து சேர்ந்த முதலாம் கட்டத்தில், முழுத்தகைமை பெற்ற தொழிலாளியின் கூலியில் 40 வீதம் அவனுக்குக் கிடைத்தது. கட்டத்துக்குக் கட்டம் பத்து வீதம் கூடி, கடைசிக் கட்டத்தில் 80 வீதமானது. அந்த அடிப்படைக் கூலியைச் சங்கம் ஒப்பந்தக்காரர்களோடு பேசித் தீர்மானித்திருப்பதால், தனக்குச் சேரவேண்டியதை அவன் எவர் முகத்தையும் பார்த்துக் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஓர் ஒப்பந்தக்காரரிடம் வேலை முடிந்தால் அவன் பெயர் சங்கத்தின் பட்டியலுக்குப் போகும், இன்னொரு தளத்துக்கு அனுப்பப்படுவான், அதுவரை சேர்ந்த மணித்தியாலங்கள் அவன் கணக்கிலேயே இருக்கும்.

நான் பழகிய விதம் வேறு. 1990இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றபோது எனக்கு ஒன்பது வயது. ஜாம் போத்தல் விளக்கில் படித்தும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டும் வளர்ந்த எங்களுக்கு, 1996க்குப் பின்னர் படிப்படியாகத் திரும்பி வந்த கரண்ட் ஒரு புதினமாகவே இருந்தது. இடம்பெயர்ந்து மீண்ட சனங்களின் வீடுகளில் வயர்கள் உருவப்பட்டும் சுவிச்சுகள் கழற்றப்பட்டும் கிடந்ததால், வேலைக்குக் குறைவிருக்கவில்லை. பதினேழு வயதில் ஊரிலிருந்த ஓர் அண்ணையுடன் கையாளாகச் சேர்ந்தேன். சுவர் வெட்டினேன், பைப் பதித்தேன், ஏணி பிடித்தேன். லைற்றுக்கு 1/1.13 வயரும் பிளக்குக்கு 7/0.67 வயரும் இழுக்க வேண்டும் என்பதை மனப்பாடமாக அறிந்திருந்தேன். ஆனால் 0.67 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஏழு இழைகளின் குறுக்குப் பரப்பைக் கூட்டினால் ஏறத்தாழ 2.5 சதுர மில்லிமீற்றர் வரும், அந்தப் பரப்பே எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது என்ற விளக்கத்தைப் பத்து வருடங்களுக்குப் பின்னரே பெற்றேன்.

அந்த முதல் வருடத்தில் நடந்த ஒன்றை இங்கே எழுதியே ஆகவேண்டும். பழைய கல்வீடு ஒன்றில் முன்னறை லைற்றின் இணைப்பை மாற்றிக்கொண்டிருந்தோம். அந்த அறைக்கான பியூஸ் கட்டையைக் கழற்றியாயிற்று என்றார்கள். ரெஸ்ரரை மின்சாரம் வரும் சிவப்பு வயரில் வைத்தேன், எரியவில்லை. மின்சாரம் திரும்பிப் போகும் கறுப்பிலும் வைத்தேன், எரியவில்லை. கறுப்பு வயர் ஒன்றும் செய்யாது என்பதே எனக்குச் சொல்லித் தரப்பட்டிருந்தது. முறுக்கியிருந்த கறுப்பு வயர்களைப் பிரித்து இரண்டு கைகளிலும் இரண்டு முனைகளைப் பிடித்த கணத்தில் நெஞ்சு இறுகியது. குசினிப் பக்கமிருந்து ஓர் அம்மா, "தம்பி, இஞ்ச லைற் நூந்துபோச்சு" என்று சொன்னது காதில் விழுந்தது, ஆனால் வாய் திறக்க முடியவில்லை. ஏணியிலிருந்து விழுந்ததனாலேயே உயிர் பிழைத்தேன்.

குசினி லைற்றும் அதே கறுப்பு வயரைத்தான் பயன்படுத்திக்கொண்டிருந்தது. அந்த முடிச்சு இறுகியிருந்தவரை கறுப்பில் மின்னழுத்தம் தெரியாது. பிரித்தவுடன், எரிந்துகொண்டிருந்த குசினிப் பல்ப்பினூடாக 230 வோல்ற் அந்த முனைக்கு வந்து, என் கைகளையும் நெஞ்சையும் கடந்து மற்ற முனைக்குப் போனது. போன மின்னோட்டம் முழுவதும் கறுப்பு வழியே திரும்பிவிட்டதால், அந்த வீட்டில் மின்கசிவு ஏற்பட்டால் தானே விழும் ட்ரிப் சுவிச் இருந்திருந்தாலும் அது விழுந்திருக்காது. மெயின் சுவிச்சை நிறுத்தியிருக்க வேண்டும், அவ்வளவுதான். அன்று மத்தியானம் வரைக்கான கூலியே தந்தார்கள். முழங்கை வீக்கம் வற்றும்வரை வீட்டிலிருந்த பதினொரு நாட்களுக்கு எதுவும் இல்லை. கேட்க எனக்குத் துணிவும் இருக்கவில்லை, கேட்பதற்கு ஓர் இடமும் இருக்கவில்லை.

இதை மருமகனிடம் சொன்னபோது, தனக்கு முதல் வாரத்தில் தரப்பட்ட சிவப்புப் பூட்டு ஒன்றைப் படம் எடுத்து அனுப்பினான். ஒரு மின்சுற்றில் ஐந்து பேர் வேலைசெய்தால், நிறுத்திய பிரேக்கரை எவரும் திரும்பப் போடாதபடி அதில் ஐந்து பூட்டுகள் தொங்க வேண்டும், ஒவ்வொருவர் திறப்பும் அவரவர் சட்டைப்பையில் இருக்க வேண்டும். அதன் பின்னர் மீற்றரை முதலில் மின்சாரம் உள்ள இடமொன்றில் வைத்து அது வேலைசெய்கிறதா என்று பார்த்து, பிறகு வேலைசெய்யும் வயரில் வைத்து, மறுபடியும் முதல் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இந்தப் பழக்கத்தைச் சமையலுக்கு உப்புப் போல அவன் சாதாரணமாகச் சொல்கிறான். இன்னொன்றையும் சொன்னான்: அங்கே கறுப்பு வயர்தான் மின்சாரம் வரும் வயர், திரும்பிப் போகும் நியூற்றல் வயர் வெள்ளை. இங்கே பழைய வீடுகளில் சிவப்புக்கும் கறுப்புக்கும், புதிய வீடுகளில் மண்ணிறத்துக்கும் நீலத்துக்கும் பழகிய கையோடு நாற்பது வயதில் கனடா போகும் நம்மவர்கள் இதை விமானம் ஏற முன்னரே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பூட்டு எவருடைய கருணையாலும் வந்ததல்ல. 1891இல் அமெரிக்காவின் சென். லூயிஸ் நகரில் மருமகனின் அந்தச் சங்கம் தொடங்கப்பட்டபோது, மின்கம்பத்தில் ஏறும் தொழிலாளர் பெருந்தொகையாக இறந்துகொண்டிருந்தார்கள். ஒழுங்கான பயிற்சி என்று ஒன்று இருக்கவில்லை. அதன் முதல் தலைவர் ஹென்றி மில்லரே 1896இல் வாஷிங்டனில் வேலைசெய்துகொண்டிருந்தபோது மின்தாக்கிக் கம்பத்திலிருந்து விழுந்து இறந்தார். தலைவரையே அப்படி இழந்தவர்கள், வேலை பழக்குவதைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டதில் எனக்கு வியப்பில்லை.

நமக்கு வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். பயிலுநர் பயிற்சிக்கான சட்டம் இலங்கையில் 1971இலேயே வந்துவிட்டது. இன்று தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையும் தொழில்நுட்பக் கல்லூரியும் உண்டு. என்.வி.கியூ என்று எல்லோரும் சொல்லும் தேசிய தொழிற்தகைமையில் இந்தத் தொழிலுக்கு நான்காம் மட்டச் சான்றிதழைப் பெறலாம். அனுபவத்தை மட்டும் வைத்திருப்பவர்களை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் ஏற்பாடும் இருக்கிறது; நான் அந்த வழியில்தான் முப்பத்தாறு வயதில் என் தகைமையைப் பெற்றேன். ஆயினும் பெரும்பாலான பெடியள் இன்றும் என்னைப்போல யாராவது ஒருவரின் பின்னால் போய்த்தான் பழகுகிறார்கள், ஏனென்றால் அன்றைய கூலி அன்றே வீட்டுக்கு வேண்டியிருக்கிறது. அவர்களுக்காகப் பேசுகிற, அவர்கள் மணித்தியாலங்களை எண்ணுகிற ஒரு சங்கம் நமக்குத் தேவை. 1935ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்தாலே ஒரு சங்கத்தைப் பதியலாம். கோண்டாவிலுக்கும் இணுவிலுக்கும் இடையில் மட்டும் இந்த வேலை செய்பவர்கள் ஏழு பேருக்கு மேல் எனக்குத் தெரியும். அவர்களில் நான்கு பேரோடு இதுவரை பேசிவிட்டேன்.

அதுவரைக்கும் என்னால் முடிந்ததாக, என்னிடம் பழகும் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு சீ.ஆர். கொப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். திகதி, எத்தனை மணித்தியாலம், என்ன வேலை, என்ன விளங்கவில்லை என்று அவர்கள் எழுத வேண்டும், அடியில் நான் கையொப்பமிட வேண்டும். நேற்று இளையவன் எழுதியது இது: "உரும்பிராய் வீடு. 7 மணித்தியாலம். ஏர்த் கம்பி மூன்றடியில் கல்லில் தட்டியது. மிச்சத்தை வெட்டிவிடுவமா என்று கேட்டேன். அண்ணை வேண்டாம் என்றார். கிணற்றடிப் பக்கம் ஈரமண்ணில் திரும்ப அடித்தோம், முழுதாக இறங்கியது. மீற்றரில் அளந்து பார்க்க நாளைக்குக் காட்டித் தருவதாகச் சொன்னார்."