ஃபேவிகானும் வெப்பேக்கும்: பெயர் மாறக் கூடாத கோப்புகள்

துணி மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்துக்காக நான் எழுதிக் கொடுத்த ஆர்டர் பதிவுச் செயலியில், உலாவியின் டேபில் அவர்களுடைய சின்னம் (ஃபேவிகான்) தெரிய வேண்டிய இடத்தில் சாம்பல் நிற உலக உருண்டைதான் தெரிந்தது. அங்கே கணக்குப் பார்ப்பவர் ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து டேப்களைத் திறந்து வைத்து வேலை செய்பவர். டேப்கள் நெருங்க நெருங்கத் தலைப்பு எழுத்துகள் மறைந்து சின்னம் மட்டுமே மிஞ்சும். "எது நம்ம ஆர்டர் பக்கம்னே தெரியல சார்" என்று அவர் தொலைபேசியில் சொன்ன பிறகுதான் நான் அதைக் கவனித்தேன்.

என் கணினியில் சின்னம் சரியாகவே வந்தது. நேரலைத் தளத்தைத் திறந்து உலாவியின் டெவ்டூல்ஸில் கோரிக்கைகளைக் காட்டும் நெட்வொர்க் பகுதியைப் பார்த்தேன். ஐகானுக்கான கோரிக்கைக்கு 200, அதாவது 'சரி' என்ற பதில் வந்திருந்தது. 'கோப்பு இல்லை' என்னும் 404 இருந்திருந்தால் அப்போதே புரிந்திருக்கும். அதே வரியில் சற்று வலப்பக்கம் பார்த்தபோதுதான் கோப்பின் வகை படம் அன்று, எச்டிஎம்எல் என்பதும், அதன் அளவு முதற்பக்கத்தின் அளவேதான் என்பதும் தெரிந்தன. ஒற்றைப் பக்கச் செயலிகளுக்கு நாம் வழக்கமாகச் செய்வதுபோல, இல்லாத முகவரி எதைக் கேட்டாலும் இன்டெக்ஸ் பக்கத்தையே கொடுக்கும்படி என்ஜின்எக்ஸ் என்ற வலை சர்வரை அமைத்திருந்தேன். ஐகான் சர்வரில் இல்லவே இல்லை. அதற்குப் பதிலாக வந்த எச்டிஎம்எல்லைப் படமாக வரைய முடியாமல் உலாவி விட்டுவிட்டது.

செயலியின் கோப்புகளை ஒன்றுசேர்த்துக் கட்டித் தரும் கருவி, அதாவது பண்ட்லர், வெப்பேக். அது நுழைவுக் கோப்பிலிருந்து புறப்பட்டு, அது இறக்குமதி செய்யும் கோப்புகள், அவை இறக்குமதி செய்யும் கோப்புகள் என்று சங்கிலியாகப் பின்தொடர்ந்து, அதில் அகப்பட்டவற்றை மட்டுமே டிஸ்ட் என்ற வெளியீட்டுக் கோப்புறையில் சேர்க்கும். ஐகானை எந்த ஜாவாஸ்கிரிப்ட் கோப்பும் இறக்குமதி செய்வதில்லை. அதைக் குறிப்பிடுவது எச்டிஎம்எல் வார்ப்புருவில் உள்ள லிங்க் குறி மட்டுமே. வார்ப்புருவிலிருந்து பக்கத்தை உருவாக்கும் எச்டிஎம்எல் வெப்பேக் பிளக்இன் அந்த வார்ப்புருவை இயல்பு நிலையில் வெறும் எழுத்தாகவே எடுத்துக்கொள்வதால், லிங்க் குறி சுட்டும் கோப்பு உண்டா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. ஆகவே பில்ட், அதாவது டிஸ்டை உருவாக்கும் வேலை, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் முடிந்துவிடும். உள்ளூரில் மட்டும் ஐகான் தெரிந்ததற்குக் காரணம் வேறு: எழுதும்போது என் கணினியில் ஓடும் வெப்பேக்கின் டெவ் சர்வர், 4ஆம் பதிப்பு முதல், பப்ளிக் என்ற கோப்புறையில் உள்ளவற்றைத் தானாகவே பரிமாறும். பில்டுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

எளிய தீர்வு, எச்டிஎம்எல் வெப்பேக் பிளக்இன்னின் ஃபேவிகான் அமைப்பில் கோப்பின் பாதையைக் கொடுத்துவிடுவது. அது கோப்பை அதே பெயரில் டிஸ்டுக்குள் வைத்து, லிங்க் குறியையும் தானே எழுதிவிடும். ஆனால் ஒரே ஓர் ஐகானைத்தான் அது ஏற்கும். பல அளவுகள் வேண்டுமென்றால் எச்டிஎம்எல் லோடரைச் சேர்க்கலாம்; அது லிங்க் குறிகளையும் இறக்குமதிகளாகக் கருதுகிறது. ஐகான் கோப்பு காணாமல் போனால் பில்டே நின்றுவிடும் என்பதால் எனக்கு இந்த வழியின் மேல் மதிப்பு அதிகம். 2020இல் வந்த வெப்பேக் 5 முதல் இதற்கு, படங்களைத் தனிக் கோப்பாக வெளியிடும் ஃபைல் லோடர் தேவையில்லை. அசெட் ரிசோர்ஸ் என்று வகையைக் குறித்தால் போதும். வெறும் அசெட் என்று குறித்தால் 8 கேபிக்குக் குறைவான படங்கள் தனிக் கோப்பாக வராமல் டேட்டா முகவரி என்ற எழுத்துச் சரமாக எச்டிஎம்எல்லுக்குள்ளேயே புகுந்துவிடும். 32 பிக்சல் ஐகான் பெரும்பாலும் இந்த வரம்புக்குள் அடங்கிவிடும்.

இவ்வளவு செய்தும் வேலை முடிவதில்லை. 1999இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5, ஒருவர் பக்கத்தை ஃபேவரிட்ஸில் சேர்க்கும்போது தளத்தின் வேர் முகவரியில் ஃபேவிகான்.ஐகோ என்ற கோப்பைத் தேடத் தொடங்கியது. அந்தப் பழக்கம் இன்றும் தொடர்கிறது. நம் செயலியிலிருந்து ஒரு விலைப்பட்டியல் பிடிஎஃப் தனி டேபில் திறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எச்டிஎம்எல்லும் இல்லை, லிங்க் குறியும் இல்லை. உலாவி நேராக வேர் முகவரியில்தான் கேட்கும். ஐஃபோனின் சஃபாரியும் லிங்க் குறி இல்லாதபோது முகப்புத் திரைக்கான ஆப்பிள் டச் ஐகானை வேரில்தான் தேடும். பண்ட்லர் கோப்பின் பெயரோடு ஒட்டும், உள்ளடக்கம் மாறினால் மாறும் ஹாஷ் எழுத்துகளை இவை எப்படி அறியும்? ஐகானின் முகவரி நம் குறிமுறைக்கு வெளியே உள்ளவர்களுக்கும் தெரிந்த முகவரி. அதை மாற்றும் உரிமை பண்ட்லருக்கு இல்லை.

அதனால் இப்போது ஐகான்களை காப்பி வெப்பேக் பிளக்இன் வழியாக, பெயர் மாறாமல், டிஸ்டின் வேருக்கு நகல் எடுக்கிறேன். கோப்புறையை மொத்தமாகக் கொடுக்காமல் ஒவ்வொரு கோப்பையும் பெயர் சொல்லிக் கொடுக்கிறேன். கோப்புறையாகக் கொடுத்தால் அதிலிருந்து ஒரு கோப்பு விடுபட்டாலும் யாருக்கும் தெரியாது. பெயரோடு கொடுத்தால் இல்லாத கோப்புக்குப் பிளக்இன் பிழை காட்டும். பட்டியலும் நீளமானது அன்று: 16, 32, 48 பிக்சல் படங்களை உள்ளடக்கிய ஐகோ ஒன்று, எஸ்விஜி ஒன்று, ஆப்பிளுக்கு 180 பிக்சல், செயலியின் பெயரையும் ஐகான்களையும் உலாவிக்குச் சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்புக்கு 192, 512 பிக்சல். ஆப்பிள் படத்தின் பின்னணிக்கு நிறம் கொடுத்துவிட வேண்டும். நிறமில்லாமல் ஒளிபுகுவதாக விட்டால் ஐஃபோன் அதைக் கறுப்பாக்கிவிடும்.

மேனிஃபெஸ்டில் எழுதும் ஐகான் பாதைகள் பக்கத்தின் முகவரியிலிருந்து அல்லாமல் மேனிஃபெஸ்ட் கோப்பின் முகவரியிலிருந்தே கணக்கிடப்படுகின்றன. அதை மட்டும் அசெட்ஸ் கோப்புறைக்குள் நகர்த்தினால் சார்புப் பாதைகள் எல்லாம் அறுந்துவிடும். மேனிஃபெஸ்டும் அதன் படங்களும் ஒன்றாகவே இருக்கட்டும்.

வெப்பேக்குக்குப் பதிலாக வீட் என்ற கருவியைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு; அதன் பப்ளிக் கோப்புறை டெவ் சர்வரிலும் பில்டிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். பார்சல் என்ற பண்ட்லர் எச்டிஎம்எல்லையே நுழைவுக் கோப்பாகக் கொள்வதோடு மேனிஃபெஸ்டையும் திறந்து பார்க்கிறது.

கேஷ், அதாவது உலாவி கோப்புகளைச் சேமித்து வைத்துக்கொள்வது, பற்றி ஒன்று. ஹாஷ் உள்ள கோப்புகளுக்கு ஓராண்டு, அதாவது 31536000 வினாடி ஆயுள் கொடுப்பது சரியே. அந்த விதியைக் கோப்பின் பின்னொட்டைப் பார்த்து எல்லாப் படங்களுக்கும் பொதுவாக எழுதினால், பெயர் மாறாத ஐகானும் அதில் சிக்கிக்கொள்ளும். சின்னத்தை மாற்றினாலும் பயனரிடம் பழையதே நிற்கும். ஐகான்களுக்கு மட்டும் ஒரு நாள் என்று தனியாக எழுதியிருக்கிறேன். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் ஃபேவிகான்களைத் தனித் தரவுத்தளக் கோப்பில் சேமிப்பதால், சோதிக்கும்போது பக்கத்தைப் புதுப்பித்துப் பார்ப்பதை நம்பாமல் புதிய ப்ரொஃபைலில் திறந்து பார்க்கிறேன்.

வெளியீட்டு ஸ்கிரிப்டின் கடைசியில் இப்போது ஒரு சோதனை ஓடுகிறது: ஒவ்வோர் ஐகான் முகவரியையும் நேரலைத் தளத்தில் கேட்டு, 200 வந்ததா என்பதோடு நிற்காமல், பதிலின் வகை இமேஜ் என்று தொடங்குகிறதா என்றும் பார்க்கும். இல்லையென்றால் வெளியீடு தோல்வி என்று எனக்குச் செய்தி வரும்.